யார் வெட்டியது? சீயமங்கலத்தில் ஒரு ஆங்கில இலக்கண சந்தேகம்

சீயமங்கலத்துக்கு நான் போனது கல்வெட்டு பார்க்க. திரும்பி வரும்போது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஆங்கில இலக்கணம். எப்படின்னு சொல்றேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கும் கிராமம். செஞ்சி வரை வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் மெனக்கெட்டு இங்கே வந்தால், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குடைந்த ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. சாமி பெயர் தூணாண்டார், வடமொழியில் ஸ்தம்பேஸ்வரர். குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தில் மண்டபங்களைச் சேர்த்துக் கட்டியதால், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஊர்க்கோயில் மாதிரிதான் தெரியும். உள்ளே தூணில் ஆடும் சிவன் ஒருத்தர் இருக்கிறார். தமிழ்நாட்டு நடராசர் வடிவங்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. பக்கத்துப் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர் என்று சமணச் சிற்பங்கள். அதெல்லாம் தனிக் கட்டுரைக்கான விஷயம்.

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டப நிழலில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ. நான் கேமராவையும் கையில் பிரிண்ட் அவுட்டையும் வைத்துக்கொண்டு தூணைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "சார், நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன். "அப்ப இங்கிலீஷ்ல ஒரு டவுட் கேக்கலாமா சார்?"

சந்தேகம் இதுதான். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்று ஒரு வாக்கியம். ஹேட் இருக்கிறது, பின்னால் கட் இருக்கிறது. அப்போ இது பாஸ்ட் பர்ஃபெக்ட் தானே? ஆனால் கைடில் வேறு என்னவோ போட்டிருக்கிறது. 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நல்ல கேள்வி. எனக்கு அந்த வயதில் இந்தக் கேள்வியே தோன்றியதில்லை. இருபத்தெட்டு வயதில்தான் தோன்றியது, அதுவும் பட்டபிறகு. கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தவன், வெளிநாட்டு மேனேஜரோடு பேசும் காலில், நேற்று ஏன் லீவு என்று கேட்டதற்கு "ஐ ரிமூவ்டு மை டூத்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஐந்து விநாடி சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "யுவர்செல்ஃப்?" என்று ஒரு குரல். கொறடை எடுத்து நானே பிடுங்கிக்கொண்டேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு விளக்குவது சுலபமாகிவிட்டது.

ஆங்கிலத்தில் ஹேட் என்ற சொல்லுக்கும் கட் என்ற சொல்லுக்கும் நடுவில் பொருள் வந்து உட்கார்ந்துவிட்டால், வேலை செய்த கை வேறொருவருடையது. 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோல் என் கையில். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றால் கத்தரிக்கோல் சலூன்காரர் கையில், தலை மட்டும் என்னுடையது. அதே சொற்கள், வரிசை மட்டும் மாறுகிறது. கட் என்ற வினைக்கு மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் இந்த உதாரணம் கூடுதலாகக் குழப்பும். 'ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்டு' என்று எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். ஹேட் போட்ட இடத்தில் பேச்சில் காட் போடலாம், பொருள் மாறாது.

சரி, நமக்கு இது ஏன் வழுக்குகிறது? தமிழில் இந்த வேறுபாடு இல்லாததாலா? அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம்மிடம் 'கிட்டு' இருக்கிறது.

'முடி வெட்டினான்' என்றால் சலூன்காரர். 'முடி வெட்டிக்கிட்டான்' என்றால் தலையைக் கொடுத்தவர். 'ஊசி போட்டாங்க' என்றால் நர்ஸ். 'ஊசி போட்டுக்கிட்டேன்' என்றால் நான். 'சட்டை தைச்சுக்கிட்டேன்', 'பல்லைப் பிடுங்கிக்கிட்டேன்', 'செக்கப் பண்ணிக்கிட்டேன்' எல்லாம் இந்த ஜாதி. எழுத்தில் 'கொள்' என்று வருவதன் பேச்சு வடிவம். வேலையின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லும். ஆனால் வேலையைச் செய்தது யார் என்பதைச் சொல்லாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிற என் மாமாவும் 'ஊசி போட்டுக்கிட்டேன்' என்றுதான் சொல்கிறார், அவரே தொடையில் குத்திக்கொள்கிறார். கேட்பவர் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். போதாக்குறைக்கு, 'வெட்டிக்கிட்டு இருக்கேன்' என்று தொடர் நிகழ்காலத்துக்கும் இதே 'கிட்டு'தான். எங்கள் தொழிலில் இதை ஓவர்லோடிங் என்போம்: ஒரே பெயரில் இரண்டு வேலை.

ஆக, மொழிபெயர்க்கும்போது நாம் செய்வது என்ன? 'பிடுங்கிக்கிட்டேன்' என்பதில் 'பிடுங்கு' மட்டும் ஆங்கிலத்துக்குப் போகிறது, 'கிட்டு' இங்கேயே தங்கிவிடுகிறது. அவளுக்கு நான் கொடுத்த ஒரே சூத்திரம் இதுதான். தமிழில் யோசிக்கும்போது 'கிட்டு' வந்தால் ஒரு நிமிஷம் நில்லு, வேலையைச் செய்தது வேற ஆளான்னு பாரு, ஆமான்னா ஹேட் போட்டு நடுவில் பொருளை வை. நூற்றுக்கு நூறு பொருந்தாது. பரீட்சைக்குத் தாங்கும்.

இதை எந்த ஆங்கில இலக்கணப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதும் நியாயம்தான். நம்மூரில் தலைமுறை தலைமுறையாக ஓடும் ரென் அண்ட் மார்ட்டினை எழுதிய பி.சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924இல் எழுதிப் பெயர் வாங்கிய அதே ஆள். அவருடைய மாணவன் தமிழில் யோசித்துவிட்டு வருவான் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் தெரியாது. ஆனால் அதில் ஒரு மூலையில் ஒரு சின்னப் பட்டியல் உண்டு: ஃபால் – ஃபெல், லை – லே, ரைஸ் – ரைஸ் (இரண்டாவது 'ரெய்ஸ்'), சிட் – செட். விழு – வீழ்த்து, படு – கிடத்து, எழு – எழுப்பு, உட்கார் – உட்கார வை. லை, லே குழப்பம் ஆங்கிலம் படிக்கும் எல்லாருக்கும் வரும், ஆங்கிலேயர்களுக்கே வரும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு மறந்தவன் நான். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று அப்போது தெரியாது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் தூணாண்டாரிடம் திரும்பிவிடலாம்.

பிரிண்ட் அவுட்டில் நான் வைத்திருந்தது சீயமங்கலம் குடைவரைக் கல்வெட்டின் வாசகம். பல்லவ கிரந்த எழுத்தில் ஒரே ஒரு வடமொழிச் செய்யுள். பொருள் சுருக்கமாக இது: லலிதாங்குரன் என்ற அரசனால், அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்ற பெயருள்ள இது, புண்ணியம் என்னும் மணிகளை வைக்கும் பேழை போல, செய்விக்கப்பட்டது. லலிதாங்குரன், அவனிபாஜனன் இரண்டும் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள்.

இதில் வினைச்சொல் 'காரிதம்'. இந்த இடத்தில்தான் நான் பல வருஷமாகத் தடுக்கி விழுந்தும் கவனிக்காமல் போயிருக்கிறேன். வடமொழியில் 'க்ருதம்' என்றால் செய்யப்பட்டது. 'காரிதம்' என்றால் செய்விக்கப்பட்டது. முதல் உயிர் நீண்டு, கூட ஒரு இகரம் வந்தால், 'நான் செய்யவில்லை, செய்ய வைத்தேன்' என்று அர்த்தம். மகேந்திரவர்மன் கல்லில் எழுதச் சொன்னது, என்னால் ஆளை வைத்துச் செய்விக்கப்பட்டது என்று.

ஏதோ ஒரு இடத்தில் செய்யுளின் ஓசைக்காகப் போட்டதோ என்று பார்த்தால், அப்படியும் இல்லை. செஞ்சியைச் சுற்றி அவனுடைய குடைவரைகள் இன்னும் இருக்கின்றன. தளவானூரில் சத்ருமல்லேஸ்வரம்: அங்கேயும் இதே 'காரித' வடிவம். மண்டகப்பட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுத்தது என்று பெருமை பேசும் புகழ்பெற்ற கல்வெட்டு. பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்தது. அதில் வினை 'நிர்மாபித'. நிர்மாணிக்கப்பட்டது இல்லை, நிர்மாணிக்கச் செய்யப்பட்டது. மூன்று ஊரிலும் ராஜா இலக்கணத்தில் கவனமாகத்தான் இருந்திருக்கிறான். எழுதிக் கொடுத்த கவிஞர்கள் கவனமாக இருந்தார்கள் என்று சொல்வது இன்னும் சரி. கவனமில்லாதவன் நான்தான்: என் பழைய குறிப்புகளில் எல்லாம் 'மகேந்திரவர்மன் குடைந்தான்' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹுல்ட்ஷ் தலைமுறை அறிஞர்கள் இந்த வேறுபாட்டை விடக்கூடாது என்று ரொம்ப உறுதியாக இருந்தார்கள். அதனால்தான் எபிகிராஃபியா இண்டிகாவைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'காஸ்டு டு பி மேட்', 'காஸ்டு டு பி பில்ட்' என்று கரடுமுரடாக வரும். யாரும் பேசாத ஆங்கிலம். நான் முதலில் படித்தபோது, பழைய காலத்து ஆட்கள், இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்தேன். அது நடைக் கோளாறு இல்லை, 'காரித' என்ற சொல்லில் இருக்கும் அந்த இகரத்துக்கு அவர்கள் கட்டிய விலை.

அந்தப் பெண்ணிடம் பிரிண்ட் அவுட்டைக் காட்டினேன். 'காஸ்டு டு பி மேட்' என்ற இடத்தில் விரல் வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டாள். "சார், மேக்னா டு வராது, 'ஷி மேட் மீ க்ரை'ன்னு சொல்லிக்குடுத்தாங்க. ஆனா 'ஐ வாஸ் மேட் டு க்ரை'ன்னா டு வருது. அது எங்கேர்ந்து வந்தது?"

இந்த டு ஒரு தனித் தலைவலி. மேக், லெட், ஹேவ் மூன்றுக்கும் பின்னால் டு கிடையாது. காஸ், கெட், அலவ் என்றால் டு வேண்டும். மேக்கைப் பாஸிவ் ஆக்கினால் போன டு திரும்பி வந்துவிடும். விதி இவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் வரலாறுதான் பதில்: பழைய ஆங்கிலத்தில் வினையை டு இல்லாமல் மொட்டையாகச் சேர்ப்பது சகஜம், பின்னால்தான் டு எல்லா இடத்திலும் பரவியது. அடிக்கடி புழங்கிய சில சொற்கள் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் கேஸ் வந்தபிறகும் வெந்நீருக்கு மட்டும் விறகு வைத்திருக்கிற பாட்டி மாதிரி.

இப்போது அந்த லை, லே பட்டியலின் கதை. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில், வினையோடு ஒரு விகுதியைச் சேர்த்தால் 'செய்ய வை' என்ற பொருள் வந்துவிடும். அந்த விகுதி பக்கத்திலிருந்த உயிரை மாற்றிவிட்டு, பிறகு தான் தேய்ந்து மறைந்துபோனது. மிச்சம்தான் சிட்டுக்குப் பக்கத்தில் செட், லைக்குப் பக்கத்தில் லே, ஃபாலுக்குப் பக்கத்தில் ஃபெல். குடி என்ற பொருளுள்ள ட்ரிங்க் கூட ட்ரெஞ்ச் என்று ஒன்றைப் பெற்றது, குடிக்க வை என்பதுதான் அதன் முதல் பொருள், இன்றைக்கு நனைத்து ஊறவை என்று ஆகிவிட்டது. எனக்கு வியப்பாக இருந்தது இதற்கு அடுத்தது: அந்த ஆதி விகுதியும், வடமொழியில் 'காரயதி', 'காரிதம்' என்று வரும் விகுதியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது ஒப்பிலக்கணத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அதாவது, அவள் கைடில் இருந்த லே என்ற சொல்லும், பத்தடி தள்ளிக் கல்லில் இருந்த காரிதமும் தூரத்துப் பங்காளிகள்.

ஆங்கிலத்தில் அந்த விகுதி செத்த பிறகு, வேலையை டூ என்ற வினை எடுத்துக்கொண்டது. இடைக்கால ஆங்கிலத்தில் ஒரு பிரபு 'டிட் பில்ட்' என்றால் கட்டுவித்தான் என்று பொருள் வரும். 'டூ யூ நோ?' என்று கேள்விக்கு முன்னால் காரணமே இல்லாமல் வந்து நிற்கிறதே ஒரு டூ, நம் பிள்ளைகளைப் படுத்துகிற டூ, அதுவும் இந்த 'செய்வி' டூவிலிருந்து வந்ததுதான் என்று ஆல்வர் எல்லெகோர்ட் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1953இல் ஒரு புத்தகமே எழுதினார். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்த கருத்து.

தமிழுக்கு வருவோம். நமக்கு வி, பி இருக்கின்றன. செய் – செய்வி, கட்டு – கட்டுவி, எடு – எடுப்பி. வினைக்குப் பின் வியும் பியும் வந்தால் ஏவிச் செய்விக்கும் பொருள் வரும் என்று நன்னூல் சொல்கிறது. நன்னூலை எழுதச் சொன்ன சிற்றரசன் பெயர் சீயகங்கன். சீயம் என்றால் சிங்கம். அந்தப் பெயரில் உள்ள சீயம்தான் இந்த ஊர்ப் பெயரின் தலையிலும் இருக்கிறது என்பதைத் தவிர இதில் வேறு எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். எனக்கும் ஆசைதான், ஆதாரம் இல்லை.

கல்வெட்டுத் தமிழில் இந்த வியும் பியும் நடமாடிக்கொண்டே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் கோயிலைக் குறிக்கும்போது போட்ட சொல் 'எடுப்பிச்ச'. எடுத்த இல்லை. பேச்சு வாடையோடு 'ப்பிச்ச' என்று கல்லிலேயே இருக்கிறது, படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், 1,000 வருஷத்துக்கு முந்தைய பேச்சைக் கேட்ட மாதிரி. இன்றைக்கு? அறிவி, தெரிவி, கற்பி, காண்பி, ஒப்புவி என்று சில சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலும் அறிவிக்கும்போது 'அறிய வைக்கிறோம்' என்று யார் நினைக்கிறார்கள்? 'நான் வீடு கட்டுவித்தேன்' என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று நினைப்போம். 'வீடு கட்டினேன்' என்கிறோம். ரொம்ப நெருக்கிக் கேட்டால் 'ஆளை வச்சுக் கட்டினேன்'. ஆங்கிலத்துக்கு நடந்தது நமக்கும் நடந்திருக்கிறது: விகுதி தேய்ந்தது, 'வை' என்ற துணை வினை வேலையை எடுத்துக்கொண்டது, பல இடங்களில் அதையும் விட்டுவிட்டோம்.

நம்மூர்ப் பழைய ஜோக் ஒன்று இந்த ஓட்டையில்தான் பிழைக்கிறது. தாஜ்மகாலைக் கட்டினது யாரு? கொத்தனாரு.

ஆங்கிலத்திலும் இந்த ஜோக் ஓடும். 'ஷாஜஹான் பில்ட் த தாஜ்மஹால்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். முடி வெட்டுவதற்கு ஹேட் கட்டாயம், தாஜ்மகாலுக்குக் கட்டாயம் இல்லை. ராஜாக்கள் தலைமுடியை விடக் கட்டடத்தில் அதிக உரிமை எடுத்துக்கொள்ளலாம் போல. ரோமில் பாந்தியன் முகப்பில் பெரிய எழுத்தில் மார்கஸ் அக்ரிப்பா கட்டினான் என்று இருக்கிறது, லத்தீனில் வெறும் 'செய்தான்'. 'செய்வித்தான்' கூட இல்லை. இத்தனைக்கும் இன்றைக்கு நிற்கும் கட்டடம் அக்ரிப்பாவுக்கு 100 வருஷத்துக்கு மேல் பிந்தி, ஹாட்ரியன் காலத்தில் மறுபடி கட்டியது, பழைய எழுத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். மாறாக, 9ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் நகை, 1693இல் சாமர்செட்டில் மண்ணிலிருந்து கிடைத்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் தங்கத்தில் பழைய ஆங்கில வாசகம்: ஆல்ஃபிரட் என்னைச் செய்யச் சொன்னான் என்று நகையே பேசுகிறது. பல்லவனுக்கும் அந்த ஆங்கில அரசனுக்கும் நடுவில் இரண்டு, இரண்டரை நூற்றாண்டு இடைவெளி. இரண்டு பேருமே 'நான் செய்தேன்' என்று சொல்லவில்லை.

கொத்தனார் ஜோக்கை நான் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்கப்பா கொத்தனார்தான் சார்" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. போன மாசம் ஒரு உதவித்தொகைக்கு நேர்காணல் போயிருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள்: "மை ஃபாதர் பில்ட் மெனி ஹவுசஸ் இன் சென்னை." எதிரில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் உனக்கு எதுக்கும்மா ஸ்காலர்ஷிப் என்று கேட்டாராம். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். "கூப்பிடறோம்னு சொன்னாங்க சார். இன்னும் கூப்பிடல." அந்த 'ஹேட்' பாடத்தை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் பரீட்சை மட்டும் இல்லை.

இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் சொன்ன வாக்கியம் இலக்கணப்படி சுத்தம். சொல்லப்போனால் அந்த அறையில் பில்ட் என்ற வினையை அதன் நேர்ப்பொருளில் பயன்படுத்தியது அவள் ஒருத்திதான். கேட்டவர் காதில் விழுந்தது முதலாளியின் 'கட்டினேன்'. பணம் போட்டவனுக்கும் செங்கல் வைத்தவனுக்கும் ஒரே வினையைக் கொடுத்துவிட்டால், கேட்பவருக்கு முதலில் ஞாபகம் வருவது பணம் போட்டவன்தான்.

அதனால் வினையை மாற்றச் சொன்னேன். 'ஹி இஸ் எ மேசன். ஹி ஒர்க்ஸ் ஃபார் டெய்லி வேஜஸ். ஹி லேஸ் பிரிக்ஸ்.' மூன்றாவது வாக்கியத்தில் வருவது அந்த லே தான், லையின் பங்காளி. செங்கல்லைக் கிடக்க வைக்கிறவர். அந்த வினையைப் பணம் போட்டவர் யாரும் பங்கு கேட்டு வரமாட்டார்.

கல் வேலை செய்தவர்கள் பெயர் எங்கேயுமே இல்லையா சார் என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் தேட வேண்டும். கர்நாடகத்தில் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலில், 8ஆம் நூற்றாண்டில், குண்ட அநிவாரிதாசாரி என்ற தலைமைத் தச்சனுக்குப் பட்டம் கொடுத்ததைப் பற்றிக் கல்வெட்டே உண்டு. தஞ்சாவூரில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. மகேந்திரவர்மனின் இந்தக் குடைவரைச் செய்யுள்களில் அப்படி யாரும் இல்லை. அதற்கு இலக்கணமே இடம் தரவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்: 'காரித' என்ற வினை வந்தால் 'ஆல்' உருபு ஏற்று நிற்பவன் செய்வித்தவன். லலிதாங்குரனால். உளி பிடித்தவனுக்கு இன்னொரு இடம் ஒதுக்க வடமொழியில் வழி உண்டு, ஆனால் கவிஞர் ஒதுக்கவில்லை.

பல்லவர் பக்கம் எனக்குத் தெரிந்து ஒரு விதிவிலக்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், பூஞ்சேரியில். அங்கே பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். கொல்லன் சேமகன். இன்னும் சில. சிற்பிகள், கொல்லர்கள் என்று ஆய்வாளர்கள் கருதும் பெயர்கள், மாமல்லபுரத்தில் வேலை செய்த ஆட்களாக இருக்கலாம். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வெறும் பெயர்கள். செய்தான், செய்வித்தான், வெட்டினான், எதுவும் இல்லை. வினைச்சொல்லே கிடையாது.

வெயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. கிளம்பும்போது, புது உதாரணம் ஒன்று நீயே எழுது பார்ப்போம் என்றேன், சலூன் வேண்டாம், பைக் வேண்டாம். நோட்டைத் திறந்து, எதிரில் இருந்த குடைவரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள்: 'த கிங் ஹேட் த டெம்பிள் கட்.' சரியான வாக்கியம். அதோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் 'பை' என்று போட்டுவிட்டுப் பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

"பைக்கு அப்புறம் என்ன சார் போடறது?"

"ஸ்டோன் கட்டர்ஸ்" என்றேன். ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டாள்.